தூரமா கெடச்சிருக்கு?

யூ.பி.யூ. முடிவு வரும் வாரத்தில் கெப்பாலா பத்தாஸ் பக்கம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் இரண்டு கேள்விகள் காதில் விழும். "எங்க ஐயா கெடச்சிருக்கு?" சொன்னதும் அடுத்தது: "அடடே, அவ்ளோ தூரமா?" என்ன துறை, எத்தனை வருஷம், படிச்சு முடிச்சா என்ன வேலை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சில நேரம் அந்தக் கேள்விகள் வருவதே இல்லை, அர்ச்சனைத் தட்டு வந்துவிடும்.

நம்ம வயசுப் பிள்ளைகளுக்கு இது எரிச்சலாக இருக்கும். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காமல் கிலோமீட்டரைக் கேட்கிறார்களே என்று. ஆனால் அந்த அக்காமார்களும் மாமாமார்களும் கேட்பது லேசான கேள்வி இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குறிப்பாக, படிப்போடு விளையாட்டும் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு அது ரொம்ப கனமான கேள்வி.

அமெரிக்காவில் இதைப் பெரிய திருவிழாவாகவே நடத்துகிறார்கள். உயர்நிலைப்பள்ளியில் நன்றாகக் கூடைப்பந்து ஆடும் பையனைத் தேடிப் பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் வீட்டுக்கே வருவார்கள், அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசுவார்கள். முதல் பிரிவு ஆண்கள் அணி ஒன்றுக்கு நெடுங்காலம் 13 முழு உபகாரச் சம்பளம்தான். அந்தப் பதின்மூன்றில் ஒன்றுக்குத்தான் அத்தனை பேச்சும். பையன் முடிவு செய்ததும் செய்தியாளர்கள் காரணம் கேட்பார்கள். பதில் கிட்டத்தட்ட மனப்பாடம் மாதிரி இருக்கும்: படிப்பு நல்லா இருக்கு, ஆட்டத்துக்கு வாய்ப்பு இருக்கு, வீட்டுக்கும் பக்கம். வரிசை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

நம்ம ஊரில் அந்த மூன்றையும் தராசில் போடும் வேலையை அரசாங்கமே பாதி செய்துவிட்டது. யூ.பி.யூ. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு படிப்புக்கு, பத்து புறப்பாட நடவடிக்கைக்கு. மாநிலத்துக்கே ஆடினாலும் அந்தப் பத்துக்குள்தான் அடங்க வேண்டும். பெரிய அளவில் ஆடியவர்களுக்குத் தனி வழி இருக்கிறது, அதை விடுவோம். வீட்டுக்கு எத்தனை மதிப்பெண்? சுழியம். பன்னிரண்டு தேர்வுகளை வரிசைப்படுத்தும்போது நாம்தான் அதை ரகசியமாகச் சேர்த்துக்கொள்கிறோம். நிபோங் திபாலை மேலே போடுவோம், பெர்லிசை நடுவில், ஜொகூரைக் கடைசியில். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வதில்லை.

இதில் இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் நம்ம பினாங்கு, இன்னொருவர் மூடா ஆற்றைத் தாண்டினால் வரும் கெடா.

2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. ஸ்குவாஷ் மகளிர் ஒற்றையர் இறுதியாட்டத்தில் இரண்டு பக்கமும் மலேசியக் கொடி. ஒரு பக்கம் 35 வயது நிக்கோல் டேவிட், மறு பக்கம் 19 வயது சிவசங்கரி சுப்பிரமணியம். ஐந்து செட் போய் நிக்கோல் ஜெயித்தார். நிக்கோல் படித்தது பினாங்கில், விளையாடக் கற்றதும் பினாங்கில். ஆனால் இளம் வயதிலேயே பல்கலைக்கழகத்தை ஒதுக்கிவிட்டு, பயிற்சிக்காக ஆம்ஸ்டர்டாமுக்குக் குடி போனார். எட்டு முறை உலக வெற்றியாளர். 2006 முதல் 2015 வரை இடைவிடாமல் 108 மாதங்கள் உலகின் முதல் நிலை. தராசில் விளையாட்டை வைத்தார், படிப்பையும் வீட்டையும் இறக்கிவிட்டார் என்று சொல்லலாம்.

சிவசங்கரி வேறு வழியில் போனார். அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகம், நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா என்ற குளிர் ஊர். அது ஐவி லீக் குழுவைச் சேர்ந்தது. அந்தக் குழுவில் 1954 உடன்படிக்கையிலிருந்து விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளமே கிடையாது. ஆட்டம் கதவைத் திறக்க உதவும், ஆனால் கட்டணத்துக்கான உதவி குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான். பாடத்தில் தேறாமல் பந்தை மட்டும் அடித்துக்கொண்டிருக்க முடியாது. வீட்டுக்குப் போன் அடிக்க வேண்டுமென்றால் 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. அவர் படிப்பையும் ஆட்டத்தையும் ஒரே தட்டில் சேர்த்து வைத்தார். வீடுதான் மறுபடியும் இறங்கியது.

2022-ல் பட்டத்தை முடித்தார். ஜூன் மாதம் இங்கே கார் விபத்து, கழுத்திலும் முகத்திலும் அடி. பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்குப் போக முடியவில்லை. பட்டம்தான் அவரைக் காப்பாற்றியது என்று இங்கே ஒரு கதை கட்டினால் நம்ம பெரியவர்களுக்குப் பிடிக்கும். நான் கட்டப் போவதில்லை. அவர் பட்டத்தைக் காட்டி வேலை தேடவில்லை, மறுபடியும் ராக்கெட்டை எடுத்தார். 2023-ல் ஹாங்சோவில் ஆசியத் தங்கம், 2024-ல் எகிப்தின் ஹனியா எல் ஹம்மாமியை வென்று லண்டன் கிளாசிக். அந்த விபத்து எனக்குக் காட்டுவது இவ்வளவுதான்: உடம்பு என்பது நாம் நினைத்த தேதிக்கெல்லாம் வந்து நிற்கும் சாமான் இல்லை.

அதனால் "எது முக்கியம்?" என்று கேட்பதைவிட "எது காத்திருக்கும்?" என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஸ்டெஃபன் கரியை எடுங்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் அவரை உயரம் போதாது, உடம்பு போதாது என்று விட்டுவிட்டன. கடைசியில் அவர் சேர்ந்தது டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரி, அவர் வளர்ந்த சார்லட் நகரத்திலிருந்து அரை மணி நேரம். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து உலகம் அறிய ஆடியவர். மூன்று ஆண்டு படித்துவிட்டு 2009-ல் என்.பி.ஏ.வுக்குப் போனார். பட்டம் பாதியில் நின்றது. அதை முடித்தது 2022-ல், நான்காவது முறை வெற்றிக் கிண்ணம் வாங்குவதற்கும் அதே ஆண்டில்தான் வேளை வந்தது. பட்டம் முடிக்காதவரின் சட்டை எண்ணைக் கௌரவிக்க மாட்டோம் என்று கல்லூரி பிடிவாதமாக இருந்ததாம், முடித்த பிறகுதான் செய்தார்கள். படிப்பு பதின்மூன்று ஆண்டு காத்திருந்தது. இருபது வயசு முட்டி அப்படிக் காத்திருக்காது.

உடனே "அப்போ படிப்ப விட்டுட்டு பந்த எடுத்துக்கலாம்" என்று எந்தத் தம்பியும் கிளம்ப வேண்டாம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்களில் தொழில்முறை என்.பி.ஏ.வுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. கரி அந்த இரண்டில் ஒருவர். காத்திருக்கும் படிப்பும் சும்மா காத்திருக்காது, வட்டியோடு காத்திருக்கும். பி.டி.பி.டி.என். கடன் வாங்கியவர்களுக்கு அந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை.

சரி, படிப்பு காத்திருக்கும், ஆட்டம் காத்திருக்காது. வீடு? இங்கேதான் தராசு உடைகிறது என்று நினைக்கிறேன். படிப்பும் ஆட்டமும் எனக்கு என்ன கிடைக்கும் என்ற கணக்கு. இரண்டையும் ஒப்பிடலாம், கஷ்டப்பட்டாவது. வீட்டுக்குப் பக்கம் என்பதையும் அதே கணக்கில் எழுதினால் அது அம்மா சமையல், துணி துவைக்கத் தேவையில்லை, பெட்ரோல் மிச்சம் என்று ஆகிவிடும். அது உண்மையில் வீட்டைப் பற்றியதே இல்லை, என் சௌகரியத்தைப் பற்றியது. வீடு என்பது இன்னொருவருக்கு என்னால் என்ன ஆக வேண்டும் என்ற கேள்வி. இரண்டும் வேறு வேறு நோட்டுப் புத்தகம்.

டிம் டங்கன் கதை எனக்கு இதைத் தெளிவாக்கியது. செயின்ட் குரோய் தீவுப் பையன், முதலில் நீச்சல்காரர். 1989 புயலில் தீவின் நீச்சல் குளம் பாழானது, அதன் பிறகுதான் கூடைப்பந்து. பதினான்கு வயது ஆவதற்குள் அம்மா புற்றுநோயில் போய்விட்டார். படித்துப் பட்டம் வாங்குவேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடும்போது, பாதியிலேயே என்.பி.ஏ.வுக்கு வா, கோடி கோடியாகத் தருகிறோம் என்று வாசல் திறந்திருந்தது. அவர் போகவில்லை. நான்கு ஆண்டும் முடித்து, 1997-ல் உளவியல் பட்டத்தோடுதான் போனார். வீட்டிலிருந்து கடல் தாண்டி இருந்தவர் அவர், வீட்டில் காத்திருக்க அம்மாவும் இல்லை. ஆனாலும் அந்த முடிவை எடுத்தது வீடுதான். கிலோமீட்டரில் அளக்க முடியாத பக்கம் அது.

இப்போது நம்ம ஊர்ப் பிள்ளை ஒருத்தி. என்னோடு இடைநிலைப்பள்ளியில் படித்தவள், பெயர் வேண்டாம். சீனப் பள்ளியில் ஆரம்பக் கல்வி, அதனால் கூடைப்பந்து ஒட்டிக்கொண்டது. அணியில் ஒரே தமிழ்ப் பெண், மாநில அளவுக்குப் போனாள். எஸ்.பி.எம்.முக்குப் பிறகு கையில் இரண்டு கடிதம். ஒன்று ஜொகூரில், பயிற்றுநர் போன் போட்டுக் கூப்பிட்ட இடம், பொறியியல் டிப்ளோமா, பல்கலைக்கழக அணியில் இடம். வீட்டிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர். இன்னொன்று பெர்மாத்தாங் பாவ் போலிடெக்னிக், மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம், அணி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

அவள் அப்பாவுக்கு டயலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், போக வர, முடிந்ததும் தலை சுற்றல் அடங்க உட்கார வைக்க என்று அரை நாள் போய்விடும். அம்மா பிறையில் ஷிப்ட் வேலை, ஒரு நாள் லீவு போட்டால் அலவன்ஸ் போய்விடும். தம்பி அப்போது மூன்றாம் படிவம், லைசென்ஸ் எடுக்கும் வயசுகூட இல்லை. அவள் போலிடெக்னிக்கில் சேர்ந்தாள்.

ஊரே உருகியது. "பாவம், அப்பாவுக்காகத் தியாகம் பண்ணிட்டா." கோயில் கூட்டத்தில் ஒருவர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போடலாமா என்றுகூடக் கேட்டார். நானும் ஒரு நாள் பேச்சு வாக்கில் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னது: "தியாகம்னு சொல்லாத டா. அப்படிச் சொன்னா எங்கப்பா என்கிட்டேர்ந்து எதையோ புடுங்கிட்ட மாதிரி ஆகுது. வாரத்துக்கு மூணு நாள் வண்டி ஓட்ட ஆள் வேணும். வீட்ல லைசென்ஸ் இருக்கிற ஆள் நான். அவ்ளோதான் கணக்கு."

அந்தப் பதிலில் ஒரு பெரிய நேர்மை இருக்கிறது. அவள் அன்பு, கடமை, பாசம் என்று எதையும் பேசவில்லை. யாருக்கு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன வேண்டும் என்று பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. அதனால் படிப்பும் ஆட்டமும் அதற்குப் பிறகுதான் தராசுக்கே வந்தன.

அதே ஆண்டில் இன்னொரு பையன், அவனும் நமக்குத் தெரிந்தவன்தான், கிழக்குக் கரையில் நல்ல இடம் கிடைத்தும் போகவில்லை. "அம்மா தனியா இருப்பாங்க" என்றான். அவன் அம்மா தனியாக இல்லை. அப்பா இருக்கிறார், இரண்டு அக்கா, பக்கத்துத் தெருவில் பாட்டி. அம்மாவே "போ ஐயா, நாங்க பாத்துக்கறோம்" என்றுதான் சொன்னார். யாருக்கு, எந்தக் கிழமை என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. புது ஊர், மலாய்ப் பேச்சு வழக்கு, ஹாஸ்டல் சாப்பாடு, தமிழ்ப் பையன்கள் எத்தனை பேர் இருப்பார்களோ என்ற பயம். பயப்படுவது தப்பில்லை, எல்லாருக்கும் இருந்ததுதான். அந்தப் பயத்துக்கு அம்மாவின் பெயரை வைத்தது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

நம்ம வாரக் கீதை வகுப்பில் முதல் இரண்டு அத்தியாயத்தைத் தாண்டாதவர்களுக்குக்கூட இது தெரிந்த இடம்தான். அர்ஜுனன் வில்லைக் கீழே வைக்கும்போது சொல்லும் காரணம் எல்லாமே உறவுதான்: தாத்தா, குரு, சகோதரர்கள். கேட்க எவ்வளவு நல்லா இருக்கிறது. கண்ணன் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. இது கருணையா, மனத் தளர்ச்சியா என்று முதலில் அதைத்தான் தட்டிப் பார்க்கிறார். உறவு முக்கியமில்லை என்று அவர் சொன்னதாக நான் படிக்கவில்லை. உறவின் பெயரில் வேறொன்று பேசுகிறதா என்று பார்க்கச் சொன்னதாகப் படிக்கிறேன்.

பெற்றோர் பக்கமும் இதே சோதனை வேண்டும், அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். "பக்கத்துலயே இரு" என்பது நம்ம வீடுகளில் யாருக்குச் சொல்லப்படுகிறது? பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு. மகன் 600 கிலோமீட்டர் போனால் "ஆம்பள புள்ள, நாலு இடம் போய்ப் பழகட்டும்". மகள் போனால் "பொம்பள புள்ள, காலம் கெட்டுக் கெடக்கு". அப்பாவுக்கு மருந்து வாங்கித் தர வேண்டும் என்றால் அது தேவை. ஊர் என்ன பேசும் என்றால் அது பயம். இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தைப் பயன்படுத்துகிறார்கள், பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாமல் போகிறது. சிவசங்கரி இத்தாக்காவுக்குப் போனதையும் நிக்கோல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனதையும் தங்கம் வாங்கிய பிறகு எல்லாரும் கைத்தட்டிப் பேசுகிறோம். கிளம்பும்போது கைத்தட்ட எத்தனை வீடு தயாராக இருக்கும்?

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் பெரியவர்கள் மாம்பழக் கதையை எடுப்பார்கள். உலகத்தைச் சுற்றி வரச் சொன்னால் முருகன் மயிலேறிப் பறந்தார், பிள்ளையார் அம்மா அப்பாவைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிக்கொண்டார். "பாத்தியா, அப்பா அம்மாதான் உலகம், பக்கத்துலயே இருந்தவருக்குத்தான் பழம்." சின்ன வயசிலிருந்து கேட்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியில் காவடியோடு ஏறும் கூட்டத்தைப் பாருங்கள். யாருக்காக? பழம் கிடைக்காமல் வீட்டை விட்டுப் பழனிக்குப் போனாரே, அவருக்காக. அந்தக் காவடி புறப்படும்போது முதல் தேங்காய் உடைப்பது யாருக்கு? வீட்டிலேயே நின்றாரே, அவருக்கு. நம்ம ஜனங்கள் இரண்டு பிள்ளையையும் கும்பிட்டார்கள். ஒருவரைத் தியாகி என்றும் இன்னொருவரை ஓடிப்போனவர் என்றும் பிரிக்கவில்லை. எனக்கு அந்தக் கதையில் உறுத்துவது வேறு: பழம் ஏன் ஒன்றே ஒன்று இருந்தது? மூன்று நல்ல விஷயத்தைப் போட்டிக்கு நிறுத்தும்போது, போட்டியே தேவையா என்று பெரியவர்கள் ஒரு தடவை உட்கார்ந்து யோசிக்கலாம்.

ஏனென்றால் வீட்டுத் தேவை என்பது ஒரு பிள்ளையின் தலையெழுத்து இல்லை, பங்கு போடக்கூடிய வேலை. அவள் வீட்டில் திங்கள், புதன், வெள்ளி மூன்றையும் அவளே சுமந்தது முதல் வருஷம் மட்டும்தான். இரண்டாம் வருஷம் அவள் பெரியப்பா மகன் வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொண்டான், கிராப் ஓட்டுகிறவன், அன்றைக்கு மட்டும் மதியம் ஆப்பை அணைத்துவிடுவான். யாரும் கேட்காததால்தான் அதுவரை அவன் முன்வரவில்லையாம், "சொல்லியிருந்தா அப்பவே செஞ்சிருப்பேனே" என்றான். கோயில் இளைஞர் குழுவில் இரண்டு பேர் மாற்று ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மாலை போட நினைத்த கூட்டம் முதலிலேயே வண்டிச் சாவியைக் கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலையில் அவள் இப்போது பட்டர்வொர்த்தில் ஒரு கிளப்போடு ஆடுகிறாள். கால் கொஞ்சம் கனமாகிவிட்டது, மூன்று புள்ளி எறிவது மட்டும் முன்பைவிட நன்றாக இருக்கிறது என்கிறாள். தம்பிக்குப் பதினேழு முடிந்து கார் லைசென்ஸ் வந்துவிட்டது. டிப்ளோமா வரும் ஜூனில் முடிகிறது, பட்டப் படிப்புக்கு விண்ணப்பம் திறந்ததும் போட வேண்டும். முதல் தேர்வாக எதைப் போடுவது என்று போன வாரம் வீட்டில் நாலு பேரும் உட்கார்ந்து பேசினார்களாம். ஜொகூரைப் போடு என்று முதலில் சொன்னது அப்பா.